ராமகுப்பத்துக் குளிரும் ஒரு தெர்மாமீட்டரும்

கனடாவில் இருபத்திரண்டு குளிர்காலங்களைத் தாண்டியவள் நான். வாசல் பனியை மண்வாரியால் வாரிக் கொட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சித்தூர் மாவட்டத்தின் ஒரு மூலையில், ராமகுப்பத்தில், முதல் நாள் காலையிலேயே பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன் என்றால் டொரான்டோவில் என்னோடு சமையலறையில் வேலை செய்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தெர்மாமீட்டர் என்னவோ பதினேழு டிகிரிதான் காட்டியது. அந்தத் தெர்மாமீட்டர் அதுவரை எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் பிரச்சினையே.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் அக்கா மகள் எஸ்தருக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. மூன்று வாரம் திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அக்கா இருந்திருந்தால் பக்கத்திலேயே இருந்து பார்த்திருப்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. எஸ்தரின் கணவன் சாமுவேலுக்கும் தாய் இல்லை. அக்கா செத்தபோது லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை என்று நான் வராமலே இருந்துவிட்டேன். போனில் அழுதேன். போனில் அழுதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? எஸ்தர் அதைப்பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, அதுதான் எனக்கு உறுத்தல். இந்த முறை இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெட்டியில் பாதி இடத்தை ஒரு மின்சார ஹீட்டருக்குக் கொடுத்துப் புறப்பட்டுவிட்டேன்.

ரேணிகுண்டாவில் ரயிலைவிட்டு இறங்கியபோது குளிருக்கான அறிகுறியே இல்லை. பிளாட்பாரத்தில் இட்லிக்குக் காரமான வேர்க்கடலைச் சட்னி கொடுத்தார்கள், அதிலேயே நெற்றி வியர்த்தது. ஸ்வெட்டரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, எதற்கு இத்தனை சுமை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திருப்பதியும் அப்படித்தான் இருந்தது, மொட்டைத் தலைகளும் வெயிலுமாக.

ஆஸ்பத்திரியில் எஸ்தர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் நைட்டிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குல்லாய் மட்டும் வெளியே தெரிந்தது. "வாங்க சின்னம்மா" என்றாள். அவ்வளவுதான். நான் கட்டிப்பிடிக்கப் போனேன், நடுவில் குழந்தை இருந்ததால் தோளைத் தட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

நர்ஸ் தெலுங்கும் தமிழும் கலந்து கடகடவென்று சொன்னார். குழந்தைக்குத் துணி வேண்டாம். இடுப்பில் ஒரு டயாப்பர், தலைக்குக் குல்லாய், காலுக்கு சாக்ஸ், அவ்வளவு போதும். அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, சுற்றித் துணியால் கட்டி, மேலே போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும்.

"எவ்ளோ நேரம்?" என்று கேட்டேன்.

"எவ்ளோ முடியுதோ அவ்ளோ. நாள் முழுக்க முடிஞ்சா ரொம்ப நல்லது. கால தொட்டுப் பாத்துக்கினே இருங்க. வயிறு சூடா இருந்து கால் ஜில்லுனு இருந்தா பாப்பாவுக்குக் குளிருதுன்னு அர்த்தம். குளிர் தாங்கறதுக்கே அது துன்ன பால் எல்லாம் செலவாயிடும், எடை ஏறாது. இப்ப ஒரு கிலோ எண்ணூறு. பத்தாம் நாள் கூட்டிக்கினு வாங்க, ரெண்டு கிலோகிட்ட வரணும். குறைஞ்சிதுன்னா மறுபடி பெட்டிதான்."

எஸ்தர் தரையைப் பார்த்தாள். "திரும்ப அந்தப் பெட்டியா" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. மூன்று வாரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தவள் அவள்.

சாமுவேல் வரவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவன் அவன். "புழு கடைசித் தோல உரிச்சிட்டு எழுந்திருக்குது அத்தே, இப்பத்துலேர்ந்து தான் பசி. விட்டுட்டு வர முடியல" என்று போனில் சொல்லிவிட்டு ஒரு காரை அனுப்பியிருந்தான். பெற்ற பிள்ளையை அழைத்துப்போக வராமல் புழுவுக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது.

காரின் பின் ஜன்னல் கண்ணாடி இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது, மேலே ஏறமாட்டேன் என்றது. சித்தூர்வரை யாரும் கவலைப்படவில்லை. பலமனேருக்கு ஏறும் மலைப்பாதையில் காற்று ஊசியாக இறங்க ஆரம்பித்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து பழைய மாதக் காலண்டரை எடுத்து, சுருட்டி, மேலே தன் துண்டைச் சுற்றி இடுக்கில் செருகினார். "இந்தக் காலண்டர் இப்போதுதான் வேலைக்கு வந்தது" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, துண்டில்லாத கழுத்தோடு மீதி வழியெல்லாம் தும்மிக்கொண்டே ஓட்டினார்.

பலமனேர் தாண்டியதும் ஸ்வெட்டர் போட்டேன். ராமகுப்பம் சேர்ந்தபோது ஸ்வெட்டர்மேல் சால்வை. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இன்னும் தொங்கியது. சாமுவேல் கை கட்டி நின்றிருந்தான். மெலிந்த உயரமான பையன், முப்பது வயதிருக்கும். குழந்தையை இரண்டடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தான். கையை நீட்டவே இல்லை. "புழுத் தட்டு கழுவுனேன், கையெல்லாம் பிளீச்சிங் பவுடர் அத்தே" என்றான் என்னிடம்.

மறுநாள் காலைதான் நான் பல் கிட்டிப்போன காலை. கனடாவில் வீடு என்பது குளிர் உள்ளே வராத இடம். இங்கே காங்கிரீட் கூரையும் சிமெண்டுத் தரையும் விடிவதற்குள் வெளியே உள்ள குளிரை எல்லாம் குடித்து வைத்துக்கொண்டு காலையில் நமக்குத் திருப்பித் தருகின்றன. மல்பெரித் தோட்டத்தில் வேலை செய்யும் முனியம்மா என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, பனியிலயே குடித்தனம் பண்றவங்கன்னு சொன்னாங்க. எங்க ஊரு குளுருக்கே இப்டி ஆடிக்கினு கீறீங்க?"

"அங்க வூட்டுக்குள்ள குளுராது முனியம்மா. வெளிய போனாத்தான்."

"வூட்டுக்குள்ள வராத குளுரு ஒரு குளுரா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ரோஷம் வந்து ஹீட்டரை வெளியே எடுத்தேன். பிளக்குக்குப் பொருத்தும் அடாப்டரைக்கூட மறக்காமல் கொண்டுவந்திருந்தேன். மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. அங்கே நூற்றிருபது வோல்ட்டுக்குச் செய்த சாமான். இங்கே வருவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பத்து வருடம் முன்பு அரக்கோணத்தில் தலைமுடி உலர்த்தும் கருவி ஒன்றை இப்படித்தான் எரித்தேன். பட்டும் புத்தி வராத ஜென்மம் நான்.

"கனடாவுலேர்ந்து வெடி வாங்கியாந்தீங்களாக்கா?" என்று தோட்டத்திலிருந்து குரல் வந்தது.

சாமுவேல் ஃபியூஸ் கம்பியை மாற்றிவிட்டுப் புழு வளர்க்கும் மனைக்குப் போனான். நன்றி சொல்லலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் இதமான சூடு. ஆஹா என்று ஒரு காலை உள்ளே வைத்தேன். "அத்தே, அத்தே, வாணாம், வெளிய வாங்க!" என்று பதறி ஓடிவந்தான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நான் தைலம் பூசிக்கொண்டிருந்தேன். புழுவுக்குத் தைல வாடை, பவுடர் வாடை, கொசுவத்தி எதுவுமே ஆகாதாம். அவனே குளித்து வேறு துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறான். மாப்பிள்ளை மாமியார்க்காரியைக் கையைப் பிடித்து வெளியே தள்ள முடியுமா? இரண்டு கையையும் கோழி விரட்டுவதுபோல் ஆட்டி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டான்.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். புழு மனையின் உள்சுவரில், கதவையொட்டி, தெர்மாமீட்டர் தொங்கியது. இருபத்து நான்கு. பக்கத்தில் காலை, மதியம், மாலை என்று சாக்பீஸில் எழுதி வைத்திருந்தான். வெளிப்பக்கம் பழைய எண்ணெய் டிரம்மை அடுப்பாக்கி, அதிலிருந்து ஓர் இரும்புக் குழாயை மனைக்குள் நீளவிட்டு, புகை மறுபக்கம் வெளியேறும்படி செய்திருந்தான். எரிக்க மல்பெரிக் குச்சி. புழு இலையைத் தின்றபின் மிஞ்சுவது. ஜன்னலெல்லாம் சாக்குத் திரை. நான் அந்தத் தெர்மாமீட்டரைக் கழற்றிக்கொண்டு நேராக எஸ்தர் அறைக்குப் போனேன். கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் நின்று கத்தினேன். "புழுவுக்கு இருபத்து நாலு, பெத்த புள்ளைக்குப் பதினேழா? புழுவுக்குச் சுவத்துல கணக்கு எழுதற. இது பொறந்து நீ ஒரு வாட்டி தொட்டுப் பாத்தியா மாப்ளே?"

சாமுவேல் கையில் தழைக் கூடையோடு அப்படியே நின்றான். உள்ளேயிருந்து எஸ்தர் மெதுவாகச் சொன்னாள்: "அவர ஒண்ணும் சொல்லாதீங்க சின்னம்மா. நீங்க போய்ப் படுங்க. நான் பாத்துக்கிறேன்." வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் அடிக்கடி சொன்னது இதுதான். நீங்க படுங்க, நான் பாத்துக்கிறேன். விருந்தாளியிடம் பேசுவதுபோல.

மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால், எஸ்தர் அறையில் காலண்டர் மாட்டும் ஆணியில் தெர்மாமீட்டர் தொங்கியது. சாமுவேல்தான் மாட்டியிருக்கிறான்.

"புழுவுக்கு?" என்றேன்.

"உள்ள பூந்தா ஒடம்பே சொல்லிரும் அத்தே. எனுக்கு மிஷின் வாணாம்" என்றான். முந்தின நாள் கத்தியதற்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அதற்குள் தழை வெட்டப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்தப் பதினேழை ஏற்றுவதுதான் எனக்கும் முனியம்மாவுக்கும் வேலை. முதலில் கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். சுவர் ஐஸாக இருந்தது. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து, அதில் பழைய புடவையைக் கயிறு மாதிரி முறுக்கி வைத்தேன். கனடாவில் நான் கற்ற ஒரே உருப்படியான வித்தை அதுதான். முனியம்மா கட்டில்மேல் நான்கு சாக்கை விரித்து அதன்மேல் மெத்தையைப் போட்டாள். புழுத் தட்டில் விரிக்கும் மெழுகுத்தாளைச் சாமுவேல் கொண்டுவந்து கொடுத்தான், ஜன்னல் இடுக்குகளில் ஒட்டினோம். பத்து மணிக்கு வெயில் உள்ளே விழத் தொடங்கியதும் ஜன்னலை விரியத் திறப்பது, மூன்றரைக்கு, வெயில் போகும் முன்பே, சாத்திவிடுவது. மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் மதியம் முழுக்க மொட்டை மாடியில். சூடு ஆறுவதற்குள் சுருட்டி இறக்கிக் கட்டிலில் போட்டுக் கம்பளியால் மூடிவிட்டால், படுக்கும்போது இன்னும் வெதுவெதுப்பு இருக்கும்.

பதினெட்டு. பத்தொன்பது. நானும் சாக்பீஸ் எடுத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தேன்.

ஒரு சட்டியில் கரித்தணல் போட்டு அறைக்குள் வைத்தால் இன்னும் மூன்று டிகிரி ஏறுமே என்று நான் சொன்னதை மட்டும் சாமுவேல் ஒத்துக்கொள்ளவில்லை. எதற்கும் குரல் உயர்த்தாதவன் அன்று உயர்த்தினான்.

"அது மட்டும் வாணாம் அத்தே. ரெண்டு வருசம் முன்ன நான் மனைய இறுக்கச் சாத்திக்கினு உள்ள கரி போட்டேன். காலையில பாத்தா ஒரு வரிசைப் புழு மொத்தமும் செத்துக் கீது. எனுக்கே தல சுத்திக்கினு வாசல்ல வுழுந்தேன். அப்பறம்தான் அடுப்ப வெளிய வெச்சிக் கொழாய் வுட்டது. மூடின ரூம்ல நெருப்பே கூடாது."

என் யோசனைக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதற்குப் பதில் டிரம் அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, சாக்ஸ் மாட்டி, எஸ்தரின் கால்மாட்டில் வைத்தோம். குழந்தைமேல் படாமல் தள்ளி. இருபத்தொன்று.

நான்காம், ஐந்தாம் நாட்கள் நன்றாகவே போயின. காலையில் சுடச்சுட ராகிக் களி, நடுவில் குழி செய்து கொள்ளு ரசம். தொண்டையில் இறங்கும்போதே காது வரை சூடு பரவும். "அங்க இன்னா துன்னுவீங்க குளுருக்கு?" என்று முனியம்மா கேட்டாள். ரொட்டி என்றேன். பரிதாபமாகப் பார்த்து இன்னொரு உருண்டை வைத்தாள். டொரான்டோவில் சுவரில் இருக்கும் ஒரு குமிழைத் திருகினால் வீடே சூடாகும் என்று பெருமையாகச் சொன்னேன். சொல்லாமல் விட்டது: பில்லுக்குப் பயந்து நான் அதைப் பதினெட்டில் நிறுத்திவிட்டு, வீட்டுக்குள்ளேயே இரண்டு ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்திருப்பேன். எங்களைப்போல் போனவர்கள் பலர் வீட்டில் இதே கதைதான்.

ஆறாம் நாள் எஸ்தருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பால் கட்டிக்கொண்டு, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஐந்து நாளாகக் குழந்தையை நெஞ்சைவிட்டு இறக்காமல் சாய்ந்தே தூங்கியவள், உடம்பு எத்தனை தாங்கும்? ஊர் நர்ஸம்மா வந்து மாத்திரை கொடுத்தார். திருப்பதி நர்ஸுக்குப் போன் போட்டேன். "பால் குடுக்கறத நிறுத்தாதீங்க. மீதி நேரம் அம்மா தூங்கட்டும். பாப்பாவ வேற யாராவது நெஞ்சுல போட்டுக்குங்க" என்றார்.

வேறு யாராவது என்றால் நான்தானே! இதற்குத்தானே வந்தேன். முகம் கை கால் கழுவி, நாற்காலியில் சாய்ந்து, முனியம்மா எடுத்துக் கொடுக்கக் குழந்தையை நெஞ்சில் வாங்கிக்கொண்டேன். ஒரு புறாக்குஞ்சுபோல் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அக்கா, பார்த்தாயா, வந்துவிட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து முனியம்மா சாக்ஸுக்குள் விரலைவிட்டுக் குழந்தையின் காலைத் தொட்டாள். முகம் மாறியது. "அக்கா, கால் ஜில்லுனு கீதே." என் கையைத் தொட்டாள். "உங்க கை அதுக்குமேல கீது!"

எனக்குத் தைராய்டு. ஆண்டு முழுவதும் கையும் காலும் ஐஸ்தான். அன்று போர்வைக்கு மேல் இன்னொரு போர்வை போட்டுப் பார்த்தோம், என் உடம்பில் சூடு இருந்தால்தானே அது காப்பாற்றும்! குழந்தை அழக்கூட இல்லை, சுருண்டு சோர்ந்து கிடந்தது. எஸ்தர் எழுந்து உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். "குடுத்துடுங்க சின்னம்மா." அவளுக்கே பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை கடல் தாண்டி வந்தும் உதவாக்கரையாகிவிட்டேனே என்று அவமானமாக இருந்தது.

முனியம்மா வாசலுக்குப் போய்ப் போட்டாள் ஒரு சத்தம். "சாமுவேலு! வாய்யா இங்க!"

அவன் தழைக்கட்டோடு ஓடிவந்தான். விஷயத்தைக் கேட்டதும் பின்வாங்கினான். "நானா? கையில மருந்து... புழு வேற நல்லா துன்ற நேரம்..."

"மருந்து கழுவுனா போவும். சோப்பு இல்லியா வூட்ல?"

"அதுக்கு இல்லக்கா." தலையைக் குனிந்துகொண்டான். "பயமாக் கீது. எம்மாஞ் சின்னதா கீது பாரு. எங்கயாச்சும் அமுங்கிருச்சினா?"

இதுதானா சங்கதி! ஐந்து நாளாக நான் அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எறும்பளவு புழுவ இறகால தள்ளித் தள்ளி எடுத்து வெக்கறியே, அதுல ஒண்ணு நசுங்கி நான் பாத்ததில்ல. உன் புள்ளய எடுக்க மாட்டியா?" என்றாள் முனியம்மா. "போய்க் குளிச்சிட்டு வா. புழுவ நாங்க பாக்கறோம்."

டிரம் அடுப்பின் வெந்நீரில் குளித்து, வெற்றுடம்போடு வந்தான். அவன் தோளைத் தொட்டுப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய பானையாட்டம் கதகதவென்று இருந்தது. வெயில் விழும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். குழந்தையை நெஞ்சில் வைத்ததும் மூச்சு விடுவதையே நிறுத்திவிட்டான். "மூச்சு வுடு மாப்ளே" என்றேன். மெதுவாக விட்டான். எஸ்தர் சுவரில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

அடுத்து என் தண்டனை. தைலம் போக சீயக்காய் போட்டு இரண்டு முறை தேய்த்துக் குளித்தபின்தான் முனியம்மா என்னைப் புழு மனைக்குள் விட்டாள். தட்டுத் தட்டாகத் தழை போட்டோம். ஆயிரக்கணக்கான வாய்கள் இலையை அரிக்கும் சத்தம், வாணலியில் பொரி பொரிவதுபோல். முதலில் அருவருப்பாக இருந்தது, மூன்றாவது தட்டில் பழகிவிட்டது. திடீரென்று என் கால் விரல்கள் எனக்கு உறைத்தன. ஊருக்கு வந்து ஆறு நாளில் முதல் முறையாக அவை சூடாக இருந்தன. "வெளிய போவ மனசே வர்ல முனியம்மா" என்றேன். "போட்டுக்கினே இருங்க தழைய" என்றாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் சாமுவேல் அசையாமல் அப்படியே இருந்தான். கண்ணால் கீழே காட்டினான். காலைத் தொடப் போனேன். "நீங்க வாணாம் அத்தே" என்று தடுத்து, தானே சாக்ஸுக்குள் விரலைவிட்டான். "சூடா கீது" என்றான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

எஸ்தருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அதற்குள் வீட்டில் ஒரு நடைமுறை தானாக ஏற்பட்டுவிட்டது. பால் குடித்ததும் குழந்தை அப்பா நெஞ்சுக்குப் போகும். தழை போடும் நேரம் நானும் முனியம்மாவும் மனைக்குப் போவோம். எட்டாம் நாள் புழுக்கள் தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன. கூடு கட்டத் தயாராகிவிட்டன என்று அர்த்தமாம். அவற்றை மூங்கில் தட்டிகளுக்கு மாற்றினோம். இனி தழை வேண்டாம், சூடு மட்டும் போதும். அதை முனியம்மா பார்த்துக்கொள்வாள். சாமுவேல் திருப்பதிக்கு வரலாம்.

பத்தாம் நாள், காலண்டர் செருகிய அந்தக் காரை வேண்டாம் என்று சொல்லி பஸ்ஸில் ஏறினோம். பழைய பஸ், டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி மேடு மாதிரி இருந்தது. சாமுவேல் சட்டைக்குள் குழந்தையைக் கட்டி, மேலே பொத்தான் போட்டு, கம்பளி போர்த்தியிருந்தான். கண்டக்டர் எஸ்தரின் வெறும் மடியைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தை இருக்கிறது, இடம் கொடுங்கள் என்றீர்களே, எங்கே குழந்தை?" என்று தெலுங்கில் கேட்டார். சாமுவேல் மேல் பொத்தானைக் கழற்றினான். உள்ளேயிருந்து ஒரு குல்லாயும் ஒரு கொட்டாவியும் வந்தன. டிரைவர் திரும்பிப் பார்த்து, எஞ்சின் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரை எழுப்பிவிட்டார். "இங்கே வா. இந்த வண்டி ஓடுகிறதோ இல்லையோ, சூடாவது நன்றாக ஆகும்." பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார், குழந்தையைப் பார்த்ததும் தன் மப்ளரையும் கழற்றி அந்த மேட்டின்மேல் விரித்துவிட்டுப் போனார்.

சித்தூரில் எஸ்தருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவள் கையிலேயே ஆறிப்போயிற்று.

ஆஸ்பத்திரித் தராசில் துணி விரித்து, குழந்தையை வைத்தார்கள். குளிர்ச்சி பட்டு அது வீறிட்டது. எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. நின்றது. ஒரு கிலோ தொள்ளாயிரத்து அறுபது.

இரண்டு கிலோ இல்லை. நாற்பது கிராம் குறைவு. எஸ்தர் தராசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டார். எனக்கு ஆறாம் நாளின் அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்தது. அந்த நாற்பது கிராம் என்னால் போனதாக இருக்குமோ?

டாக்டர் சின்னப் பெண். எண்ணைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பிறகு குழந்தையின் உள்ளங்காலைத் தன் புறங்கையால் தொட்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"நூற்று அறுபது கிராம் ஏறியிருக்கிறது. கால் நல்ல சூடு. மீதி நாற்பதை வீட்டிலேயே ஏற்றிக்கொள்வாள். கூட்டிப்போங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். "குப்பம் பக்கம்தானே? அங்கே குளிர் அதிகமாயிற்றே. வீட்டில் என்ன ஹீட்டர் வைத்திருக்கிறீர்கள்?"

நான் எரித்த ஹீட்டரை நினைத்துக்கொண்டேன். எஸ்தர் பக்கத்தில் நின்றவனை மோவாயால் காட்டினாள்.

"இவருதான் மேடம்."

சாமுவேல் சட்டைப் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டான், அதுவும் தப்பும் தவறுமாக. நர்ஸ் சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது வேறு பஸ், ஆனால் அதிலும் எஞ்சின் பக்கம் இடம் கிடைத்தது. சித்தூர் தாண்டியதும் காற்றில் குளிர் ஏறியது. "கொஞ்ச நேரம் குடு மாப்ளே, கை வலிக்கும்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். "கோச்சிக்காதீங்க அத்தே. உங்க கை ஜில்லுனு இருக்கும்." குழந்தையைத் தொடவே பயந்த பிள்ளை அன்று தர மறுத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நான் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். எஸ்தர் பக்கத்தில் இருந்தாள். தன் கம்பளியை விரித்து என் மடிமேலும் போட்டாள். பிறகு என் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள்.

"அம்மாக்கும் இப்டித்தான் இருக்கும் சின்னம்மா. ஐஸ் மாதிரி. நான்தான் தேச்சி வுடுவேன்."

"வராம இருந்துட்டேன்டி" என்றேன்.

"இப்ப வந்துட்டீங்கல்ல" என்றாள். மலைப்பாதை ஏறி பலமனேர் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.